பெட்டிக்குள்ள அடங்காத கிளி

தூத்துக்குடியில எந்த வருசம் உப்பு நல்லா விளைஞ்சுதுன்னு கேட்டா சொல்லுவேன், எந்த வருசம் மழை வந்து கெடுத்துச்சுன்னு கேட்டாலும் சொல்லுவேன், ஆனா அமலோற்பவத்தோட துப்பாக்கிக் கைப்பிடியில இருந்த கிளி பேச ஆரம்பிச்சது எந்த வருசம்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, ஏன்னா அதுக்குப் பிறகு ஊர்ல ஆளுக்கு ஆள் அதுகிட்ட மார்க் வாங்கப் போயி வருசம், மாசம், கிழமை எல்லாம் எனக்குக் குழம்பிப் போச்சு. ஞாயித்துக்கிழமைன்னு மட்டும் ஞாபகம் இருக்கு, ஏன்னா ஞாயித்துக்கிழமைதான் எங்க ரைபிள் கிளப்பு முழு நாளும் திறந்திருக்கும்.

நான் யாருன்னு சொல்லிருதேன். பேரு ஞானதிரவியம். முப்பத்தொரு வருசம் உப்பளத்துல எடை போட்டவன். ரிட்டயர் ஆன பிறகு வீட்டுல சும்மா உக்காந்திருந்தா எங்க வீட்டம்மாவுக்கு ஆகாது, அதனால கிளப்புல துப்பாக்கி பரிசோதிக்கிற வேலையை நானா கேட்டு வாங்கிக்கிட்டேன். போட்டிக்கு வார ஒவ்வொரு ஏர் பிஸ்டலையும் தராசுல வைப்பேன், ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. ட்ரிக்கர்ல அரைக் கிலோ கல்லைத் தொங்கவிட்டுத் தூக்குவேன், ட்ரிக்கர் விட்டுக் குடுத்துரக் கூடாது. அப்புறம் இருக்கே, பெட்டி! நீளம் நாப்பத்திரெண்டு சென்டிமீட்டர், உயரம் இருவது, கனம் அஞ்சு. துப்பாக்கி அதுக்குள்ள போகணும், மூடி மூடணும். மூடலையா, ஐயா வெளிய நின்னு வேடிக்கை பாருங்க. டாக்டரா இருந்தாலும் சரி, போலீஸ் ஆபீசரா இருந்தாலும் சரி, என் சொந்த மச்சானா இருந்தாலும் சரி. அதனால கிளப்புல எனக்குப் பேரு பெட்டி அண்ணாச்சி. முதுகுக்குப் பின்னாடி வேற பேரும் வச்சிருக்காங்க, அது எனக்குத் தெரியாதுன்னு அவங்களுக்கு நினைப்பு.

அமலோற்பவம், நாங்க அமலின்னு கூப்பிடுவோம், பேக்கரியில மக்ரூன் போடுறவ. முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரிப் பொடியும் அடிச்ச நுரையைப் பேப்பர் கூம்புல போட்டு, தட்டுத் தட்டா, நுனி கூர்மையா நிக்கிற மாதிரி ஆயிரம் மக்ரூன் பிழிஞ்சு வைக்கணும், கை ஆடிச்சுன்னா மக்ரூன் சாஞ்சுரும். பத்து வருசம் அப்படிப் பிழிஞ்ச கை, ஆடவே ஆடாது. எங்க கிளப்புக்கு ஒரு நாள் மக்ரூன் பார்சல் கொண்டுவந்தவ, சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருன்னு யாரோ சொல்ல, சுட்டுப் பாத்தா, அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம். அவளுக்கு ஒரு ஆசை இருந்துச்சு, அதை ஒளிக்காம எல்லாருகிட்டயும் சொல்லுவா. "காலையில ஆறு மணியில இருந்து நின்னுக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி. எனக்கு உக்காந்து பாக்குற உத்தியோகம் வேணும். எனக்குன்னு ஒரு நாற்காலி வேணும்." விளையாட்டு ஒதுக்கீட்டுல அப்படி ஒரு வேலை இருந்துச்சு. அதுக்கு மாநிலப் போட்டியில அறுவது ஷாட்டுல அறுநூறுக்கு ஐந்நூத்தி அம்பது எடுத்த சான்றிதழ் வேணும், வயசு முப்பத்தஞ்சைத் தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு முப்பத்தஞ்சு முடிய ஒரே ஒரு மாநிலப் போட்டிதான் பாக்கி இருந்துச்சு, அவளோ ஐந்நூத்தி நாப்பத்தி நாலைத் தாண்டவே மாட்டேங்குறா.

குத்தம் துப்பாக்கி மேலதான். ஒரு காலத்துல எங்க ஊருக்குக் கப்பல்ல வந்த ஜெர்மன் இன்ஜினியர் ஒருத்தன் கிளப்புக்குக் குடுத்துட்டுப் போன பழைய பிஸ்டல் அது. பக்கவாட்டுல ஒரு லிவர், ஒவ்வொரு குண்டுக்கும் அதை இழுத்து அமுக்கணும். இரும்பு கருநீலமா மின்னும், கையில எடுத்தா மனசு குளுந்து போகும், அவ்வளவு அழகு. மத்தவங்க எல்லாம் காத்து அடைச்ச புது மாடலுக்குப் போயிட்டாங்க, அமலி மட்டும் இதை விடல. ஆனா கைப்பிடி அந்த ஜெர்மன்காரனோட கைக்குச் செஞ்சது, இவ கை அதுக்குள்ள அப்பன் சட்டையைப் போட்டுக்கிட்ட பிள்ளை மாதிரி கிடந்துச்சு. மரத்துல ஓட்டை அடைக்கிற புட்டியை அப்பிப் பாத்தா, அரத்தால ராவிப் பாத்தா, மறுபடி அப்பிப் பாத்தா. ஒரு கட்டத்துல அந்தக் கைப்பிடியைப் பாத்தா யானைக்கால் வந்த மாதிரி இருந்துச்சு.

கடைசியில அவ அக்கா புருசன் மிக்கேல்கிட்ட போனா. மிக்கேல் கல்யாணக் கட்டில் செய்யுறவரு. பிசைஞ்ச சப்பாத்தி மாவை அவ கையில குடுத்து, "துப்பாக்கி பிடிக்கிற மாதிரி பிடி"ன்னு சொல்லி, அவ பிடிச்ச பிடியைக் காயவச்சு, அதைப் பாத்து தேக்குல ஒரு கைப்பிடி செதுக்கினாரு. அச்சு அசல் அவ கை. எல்லாம் சரி, ஆனா கட்டை விரல் பக்கத்துல ஒரு கிளியைச் செதுக்கி வச்சுட்டாரு. கேட்டா, "நான் என்னத்தைச் செய்ய? முப்பது வருசமா எந்தக் கட்டில் செஞ்சாலும் தலைமாட்டுல கிளி போடுதேன். கை தானாப் போயிருச்சு"ன்னு தலையைச் சொறியுதாரு.

அமலிக்கு அந்தக் கிளியைப் பாத்ததும் வாயெல்லாம் பல்லு. பச்சை பெயின்ட் அடிச்சா, மூக்குக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் போட்டா. எனக்கு வந்துச்சே கோவம்!

"ஏட்டி, இது துப்பாக்கியா, கொலு பொம்மையா? அலங்காரம் சுடுமா?"

"நாள் பூரா வெள்ளை வெளேர்னு மக்ரூன் போடுதேன் அண்ணாச்சி. கையில கொஞ்சம் பச்சை இருந்தா என்ன கெட்டுப் போச்சு?"

கெட்டுத்தான் போச்சு. கிளி மூக்கு கட்டை விரல் இடுக்குல குத்துச்சு, பெயின்ட் வேர்வையில வழுக்குச்சு, அன்னைக்கு ஐந்நூத்தி முப்பத்தி ஒண்ணுதான் வந்துச்சு. அப்புறம் மிக்கேலும் அவளும் உக்காந்து ஒரு வாரம் சண்டை போட்டாங்க, அந்தச் சண்டையில பாதி நேரம் நானும் இருந்தேன். கடைசியில உள்ளங்கை படுற பக்கம் பூரா பெயின்டைச் சுரண்டி, உளி நுனியால புள்ளி புள்ளியாக் கொத்தி சொரசொரன்னு ஆக்கினாரு, வெளிப்பக்கத்துப் பச்சையைத் தொடல. மூக்கு குத்தாம இருக்க, கிளியோட கழுத்தைப் பின்பக்கமாத் திருப்பிச் செதுக்கினாரு. அதனால அந்தக் கிளி இலக்கைப் பாக்காது, சுடுறவ மூஞ்சியைத்தான் பாக்கும். உள்பக்கம் துப்பாக்கிக்கு, வெளிப்பக்கம் அமலிக்குன்னு உடன்படிக்கை ஆச்சு.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைதான் நான் சொன்ன அந்த ஞாயித்துக்கிழமை. காலையில ஒன்பது மணி இருக்கும். அமலி லிவரை இழுத்து அமுக்கினா, குண்டைப் போட்டா, கையை நீட்டினா. கிளி, "எட்டு புள்ளி ரெண்டு"ன்னுச்சு. அமலி சுட்டா. மார்க் காட்டுற திரையில எட்டு புள்ளி ரெண்டு விழுந்துச்சு.

பக்கத்துல சுட்டுக்கிட்டு இருந்த பல் டாக்டர் வேலாயுதம், அவருதான் கிளப் செயலாளர், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு, "யாரும்மா பேசுறது?"ன்னாரு.

"கிளி, டாக்டர்."

"மெதுவாப் பேசச் சொல்லு. எனக்கு கவனம் சிதறுது." சொல்லிட்டு அவரு அடுத்த குண்டைப் போட்டாரு.

அன்னைக்கு அறுவது ஷாட்டுக்கும் சுடுறதுக்கு முன்னாடி கிளி சொன்னதும், சுட்ட பிறகு திரை சொன்னதும் ஒரு புள்ளி பிசகல. அடுத்த வாரம் ஒரு தடவை கிளி ஒன்பது புள்ளி மூணுன்னு சொல்ல, திரை ஒன்பது புள்ளி ஒண்ணுன்னு காட்டுச்சு. டாக்டர் திரையைத்தான் கழட்டிப் பாத்தாரு. உள்ள பல்லி முட்டை போட்டிருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டு மாட்டினோம், சரியாயிருச்சு.

விசயம் ஊருக்குள்ள போக எவ்வளவு நேரம் ஆகும்? அமலி துப்பாக்கிப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, கிளிக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னு ஜிப்பை ரெண்டு விரல் அளவு திறந்து வச்சுக்கிட்டு, பஜார் வழியாத்தான் வீட்டுக்குப் போவா. கிளி சும்மா இருக்குமா? யாரு ஒரு காரியத்துக்குக் கை நீட்டினாலும் அதுக்கு மார்க் போட்டுரும். டீக்கடைப் பேச்சிமுத்து வடையை எண்ணெயில விடப் போறாரு, "ஆறு புள்ளி ஏழு." பேச்சிமுத்து வடையைத் திருப்பி எடுத்து, உப்பு பாத்து, வெங்காயம் சேத்து, மறுபடி தட்டி, "இப்போ?"ன்னு பையைப் பாக்காரு. "ஏழு புள்ளி ஒண்ணு." சலூன் கனகராஜ் கத்திரியை எடுத்தா "எட்டு." மாதா கோயில்ல சாமியார் பிரசங்கத்துக்கு வாயைத் திறக்க முன்னாடி மூணாவது பெஞ்சுல இருந்து "அஞ்சு புள்ளி அஞ்சு"ன்னு கேட்டுச்சு, அன்னைக்குப் பூசை இருவது நிமிசத்துல முடிஞ்சுது, அதுக்காகவே அடுத்த வாரம் கூட்டம் ரெட்டிப்பாச்சு. யாரும் கிளியைத் திட்டல. ஊர்ல இத்தனை பேரு ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்லத்தான் செய்யுதாங்க, இது ஒண்ணாவது நிஜத்தைச் சொல்லுதேன்னு விட்டுட்டாங்க.

எங்க வீட்டம்மா ராஜகனியும் விட்டாளா? அமலியை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, அடுப்புப் பத்தவைக்க முன்னாடி மீன் சட்டியைக் காட்டிக் கேட்டுட்டா. "எட்டு புள்ளி நாலு." முப்பத்தி நாலு வருசமா நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சாப்பிட்ட குழம்பு! எட்டு புள்ளி நாலு நல்ல மார்க்குதானேன்னு நான் சொல்ல, அதுல அவளுக்குக் கோவம் இன்னும் கூடிப்போச்சு. பத்து மார்க் வார வரைக்கும் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்னுட்டா. அன்னையில இருந்து பன்னும் டீயும்தான் எனக்கு.

கேலியில்ல, ஊரே அப்படி ஆயிருச்சு. வடை எண்ணெய்க்கு மேல தொங்கி நிக்கி, கத்திரி தலைக்கு மேல தொங்கி நிக்கி, பொண்ணு பாக்க வந்தவன் கையில காப்பி டம்ளர் தொங்கி நிக்கி, ஏலக்காரன் வாயில விலை தொங்கி நிக்கி, கடிதாசி எழுதுறவன் பேனா தொங்கி நிக்கி, ஆட்டோக்காரன் சாவியைத் திருகப் போயி "ஏழு"ன்னு கேட்டு வெறுங்கையோட உக்காந்திருக்கான், பத்துன்னு கேக்காம யாரும் எதையும் செய்யுறதில்லைன்னு ஆயிப்போச்சு, செஞ்சது எல்லாம் பிரமாதம், ஆனா செஞ்சது கொஞ்சம். சலூன்ல பாதித் தலையோட ரெண்டு பேரு நாலு நாளா உக்காந்திருந்தாங்க.

அமலிக்கும் அதே வியாதிதான். ஏர் பிஸ்டல்ல ஒரு வசதி உண்டு, கையை நீட்டின பிறகு மனசு சரியில்லைன்னா சுடாம இறக்கிக்கிடலாம். இவ கையை நீட்டுவா, கிளி "ஒன்பது புள்ளி நாலு"ங்கும், இறக்கிருவா. மறுபடி நீட்டுவா, "எட்டு புள்ளி ஒன்பது", இறக்கிருவா. "பத்து புள்ளி ஒண்ணு"ன்னு கேட்டாத்தான் சுடுவா. சுட்டது எல்லாம் பத்து, திரையைப் பாத்தா கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனா அறுவது ஷாட்டுக்கு எழுவத்தஞ்சு நிமிசம்தான் நேரம், அதுக்குள்ள சுடாத குண்டுக்கு மார்க் சைபர். போட்டிக்கு மூணு வாரம் இருக்கும்போது நாங்க ஒரு ஒத்திகை வச்சோம். மணி அடிச்சப்போ அவ நாப்பத்தி மூணு ஷாட்டுதான் முடிச்சிருந்தா. நாப்பத்தி மூணும் பத்து. மொத்தம் நானூத்தி முப்பது.

பெஞ்சுல உக்காந்து அழுதா. "பயமா இருக்கு அண்ணாச்சி. முன்னாடி எட்டு விழுந்தா, சரி விழுந்துருச்சுன்னு அடுத்ததைச் சுடுவேன். இப்போ எட்டுதான்னு தெரிஞ்சுக்கிட்டு எப்படிச் சுட? கை வர மாட்டேங்குது."

"அந்தக் கிளியைச் சீவி எறிஞ்சுரு, தலைவலி போச்சு"ன்னேன்.

மிக்கேல்கிட்ட போனோம். அவரு உளியைக் கீழ வச்சுட்டாரு. "வாய் திறந்து பேசினதுக்குப் பிறகு அது மேல உளி வைக்கச் சொல்லாதீங்க. வேணும்னா கிளி இல்லாம வேற ஒண்ணு செஞ்சு தாரேன்." செஞ்சும் குடுத்தாரு, அதே மாவு அச்சு, அதே தேக்கு. அதை மாட்டிச் சுட்டா, ஐந்நூத்தி நாப்பத்தி நாலு. மறுநாளும் ஐந்நூத்தி நாப்பத்தி நாலு. எங்க விட்டாளோ அங்கேயே வந்து நிக்கா. கிளியோட வாலு உள்ளங்கைக் குழியில போயி உக்காருது பாருங்க, அந்த அணைப்பு மத்ததுல இல்ல.

போதாக்குறைக்கு என் பெட்டி. ஆரம்பத்துல கிளிக் கைப்பிடியோட துப்பாக்கி அதுல சரியா அடங்கத்தான் செஞ்சுது, நானே அளந்தேன். பேச ஆரம்பிச்ச பிறகு அதுக்கு இருட்டுன்னா பயம் வந்துருச்சு. பெட்டிக்குள்ள வச்சு மூடப் போனாப் போதும், இறக்கையைச் சிலுத்துக்கிட்டு மூணு மில்லிமீட்டர் ஊதிரும். மூடி மூடாது. நான் மிரட்டிப் பாத்தேன், கொய்யாப்பழம் காட்டிப் பாத்தேன், விதிப் புத்தகத்தை வாசிச்சுக் காட்டிப் பாத்தேன். "ரெண்டு புள்ளி அஞ்சு"ன்னு என் வாசிப்புக்கு மார்க் போட்டுச்சு, கழுதை.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அமலி பேக்கரியில இருந்து நேரா, தலைத்துணியைக் கூட அவுக்காம ஓடி வந்தா.

"அண்ணாச்சி, ஒரு கிலோ மக்ரூன் பெட்டியில போட்டா, அதுல எத்தனை நேரா நிக்கும் தெரியுமா? முக்காவாசி. மிச்சம் சாஞ்சிருக்கும், ஒண்ணு ரெண்டு மூக்கு உடைஞ்சிருக்கும். அதையும் சேத்துத்தான் கட்டிக் குடுக்கோம். நேரா நிக்கிறதை மட்டும் பொறுக்கினா பெட்டி நிறையாது, கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். நான் ஏன் துப்பாக்கியில மட்டும் பொறுக்கிக்கிட்டு இருக்கேன்? எனக்கு அறுநூறு வேண்டாமே. அம்பது ஒன்பதும் பத்து பத்தும் இருந்தா ஐந்நூத்தி அம்பது ஆச்சே!"

முப்பத்தொரு வருசம் எடை போட்ட எனக்கு இந்தக் கணக்குத் தோணல பாத்தீங்களா! வெக்கமாப் போச்சு.

அன்னைக்கே ஆரம்பிச்சா. ஒன்பதுன்னு கேட்டாச் சுடு, ரெண்டு தடவை இறக்கியும் தேறலையா, எட்டுன்னாலும் சுடு. முதல் எட்டைத் தெரிஞ்சே சுட்டப்போ கிளி போட்ட கூச்சல்ல டாக்டர் கையில இருந்து குண்டு டப்பா விழுந்துருச்சு. அப்புறம் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு பேசவே இல்ல. மூணாவது நாள் தானா இறங்கி வந்துச்சு. அவ எட்டைச் சுடும்போது கத்தாம, கழுத்தைச் சாச்சு அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கும். ஐந்நூத்தி நாப்பத்தி ஏழு வந்துச்சு, ஐந்நூத்தி அம்பது வந்துச்சு, ஐந்நூத்தி நாப்பத்தி ஒன்பது வந்துச்சு. தலைமுடி அளவுக்குத்தான் தூரம். அதைப் பாத்து பேச்சிமுத்தும் எட்டு மார்க் வடையைப் போட ஆரம்பிச்சாரு, பாதித் தலைக்காரங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனாங்க, எங்க வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சுது.

மதுரையில போட்டி. அமலிகூட நான்தான் போனேன். அங்க பரிசோதனை மேசையில கோயம்புத்தூர்க்காரம்மா ஒருத்தங்க, பேரு சரஸ்வதி, சிரிப்புங்கிறதே கிடையாது. தராசுல வச்சாங்க, சரி. கல்லைத் தொங்கவிட்டாங்க, சரி. பெட்டியில வச்சு மூடப் போனாங்க, கிளி உப்பிருச்சு.

"அடங்கலைங்க. வேற கைப்பிடி இருந்தா மாத்திட்டு வாங்க. இன்னும் பத்து நிமிசம்தானுங்க இருக்குது."

அமலி முகத்துல ரத்தமே இல்ல. நான் இத்தனை வருசம் எத்தனை பேருகிட்ட இதே மாதிரி சொல்லியிருக்கேன், அவங்க முகத்தை ஒரு நாளாவது நிமிந்து பாத்திருக்கேனா! "அம்மா, ஒரு நிமிசம் அதுகூடப் பேசிக்கிடலாமா?"ன்னேன். அந்தம்மா கடிகாரத்தைப் பாத்து, "ஒரு நிமிசம்"னாங்க.

பெட்டிக்கு மேல குனிஞ்சேன். "இந்தா பாரு. உன்னைச் சீவச் சொன்னவன் நான்தான். தப்புத்தான், மன்னிச்சுக்க. உள்ள இருட்டா இருக்கும், எனக்குத் தெரியும், ஆனா அஞ்சு எண்ணுறதுக்குள்ள திறந்துருவாங்க. அவளுக்கு இதை விட்டா வேற போட்டி கிடையாது. உன் காலைப் பிடிச்சுக் கேக்குதேன், மூச்சை அடக்கிக்க." சொல்லிட்டு அதைத் தடவ கையை நீட்டினேன்.

"மூணு புள்ளி ரெண்டு"ன்னுச்சு. ஆனா இறக்கையை ஒடுக்கிக்கிட்டு கண்ணை மூடிக்கிச்சு. மூடி மூடுச்சு.

அப்புறம் ஒரு பஞ்சாயத்து. போட்டி நடக்கும்போது யாரும் வாயால சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, கிளி பேசுதேன்னு ஒருத்தர் கேட்டாரு. நடுவருங்க மூணு பேரு கூடிப் பேசினாங்க. பெட்டியில அடங்கினா அது துப்பாக்கியோட பாகம், துப்பாக்கியோட பாகம் பயிற்சியாளர் ஆக முடியாதுன்னு முடிவு சொன்னாங்க. பக்கத்துல சுடுறவங்களுக்குத் தொந்தரவு இல்லாம ரகசியமாப் பேசணும்னு மட்டும் எழுதி வாங்கிக்கிட்டாங்க.

நான் பின்னாடி கயித்துக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். கிளி சொல்லுறது ஒண்ணும் கேக்கல, திரைதான் தெரிஞ்சுது. ஒன்பது, ஒன்பது, பத்து, எட்டு, ஒன்பது. ஒரு ஏழு வந்துச்சு. பத்து, பத்து, ஒன்பது. நாப்பது ஷாட்டு போச்சு, அம்பது போச்சு, நான் கையில இருந்த தண்ணி பாட்டிலைக் கசக்கியே கொன்னுட்டேன். அம்பத்தி ஒன்பது ஷாட்டு முடிஞ்சப்போ ஐந்நூத்தி நாப்பத்தி ஒண்ணு. ஒரு குண்டு பாக்கி. ஒன்பது வேணும். எட்டு விழுந்தா எல்லாம் போச்சு. நேரம் ரெண்டு நிமிசம்.

கையை நீட்டினா. இறக்கினா. மறுபடி நீட்டினா, கை ஆடுது, இங்க இருந்தே தெரியுது எனக்கு, மக்ரூன் தட்டு மேல ஒரு நாளும் ஆடாத கை. இறக்கினா. நாப்பது வினாடி. மாதாவேன்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன், மூடிட்டுத் திறந்துட்டேன். மூணாவது தடவை கையை நீட்டினா, பாதியில சட்டுன்னு அவ தோள் இறங்குச்சு, யாரோ பின்னாடி இருந்து சுமையை வாங்கிக்கிட்ட மாதிரி. சுட்டா.

ஒன்பது புள்ளி பூச்சியம். மொத்தம் ஐந்நூத்தி அம்பது.

நான் கத்தின கத்தலுக்கு வெளிய போகச் சொல்லிட்டாங்க. வெளிய வேப்ப மரத்தடியில நின்னேன். அமலி பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும் வந்தா.

"பாத்தியாட்டி! கிளி ஒன்பதுன்னு சொல்லிச்சு, நீ தைரியமாச் சுட்டுட்ட!"

"ஒன்பதுன்னு சொல்லல அண்ணாச்சி."

"பின்ன?"

"முதல் தடவை ஏழுன்னுச்சு. ரெண்டாவது தடவையும் ஏழுன்னுச்சு. மூணாவது தடவை கையைத் தூக்கினப்போ என் மூஞ்சியை ரொம்ப நேரம் பாத்துச்சு. பாத்துட்டு, பத்து புள்ளி ஒன்பதுன்னுச்சு."

பத்து புள்ளி ஒன்பதுக்கு மேல மார்க்கே கிடையாது. அத்தனை மாசத்துல ஒருத்தருக்கும் அது அந்த மார்க் போட்டதில்ல. "அப்போ தப்பாச் சொல்லிருச்சா? அது தப்பாவே சொல்லாதே!"

"தப்பாச் சொல்லல. மறுபடியும் ஏழுங்கிற நிஜத்தைச் சொல்லியிருந்தா நான் இறக்கியிருப்பேன், நேரம் முடிஞ்சிருக்கும். அது அதுக்குத் தெரியும்." பையை இன்னும் இறுக்கிக்கிட்டா. "எனக்காகப் பொய் சொல்லிருச்சு அண்ணாச்சி."

நான் பையோட ஜிப்பை முழுசாத் திறந்தேன். வெயில்ல பச்சைப் பெயின்டும் சிவப்பு நெயில் பாலிஷும் மினுங்குச்சு, கண்ணு ரெண்டும் வெறும் தேக்கு. மரமாயிருச்சு. நாலு பேரு நடுவுல நிக்கிறோம்னு கூடப் பாக்காம எனக்கு அழுகை வந்துருச்சு. கையை நீட்டி அதோட தலையைத் தடவினேன், தடவிக்கிட்டே இருந்தேன், அது எனக்கு மார்க் எதுவும் போடல.